மோர் கடையும் மோட்டாரும் உன் அப்பாவின் பாதக்குறடும்

நாமக்கல்
விய வருஷம் ஆடி மாதம் 24-ந் தேதி

சௌபாக்கியவதி வசந்தாமணிக்கு அம்மா சௌந்திரம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் இங்கே உயிரோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே டாட்டா நகரில் சுகமாக இருக்கும் சேதியை உடனே எழுதவும். எப்போதும் சௌக்கியம் என்று எழுதுகிற அம்மா இந்தத் தடவை உயிரோடு இருக்கிறோம் என்று எழுதுகிறாளே என்று பதறாதே சாமி. வயிற்றுப் பிள்ளைக்காரி நீ, முதலில் உட்கார், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. உன் அப்பா நன்றாக இருக்கிறார். இப்போது இதை எழுதும்போது முன்கட்டு ஆசாரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி எதைப் படித்தாலும் அந்த ஒன்றை மனசில் வைத்துக்கொள்.

அவசரமாக எழுதக் காரணம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அப்புசாமியின் மச்சான் லீவு முடிந்து உங்கள் ஊர் ஆலைக்குத் திரும்புகிறான். அவன் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அவன் வந்து கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆடி இரண்டாம் வெள்ளியன்று, நம் வீட்டு ஆசாரத்தில், மாரியம்மன் கோயில் பண்டாரமும் அப்புசாமியும் அவன் சம்சாரம் குஞ்சம்மாளும் நம் வேலைக்காரி ஆராயியும் பார்த்துக்கொண்டிருக்க, நான் உன் அப்பாவை அவருடைய மரப் பாதக்குறட்டாலேயே அடித்தேன். ஓங்கி ஒரே அடி. இந்த இடத்தில் மை எப்படிச் சிந்தியிருக்கிறது பார். உன் அப்பாவை ஒருமையில் கூப்பிட்டதில்லை, பேர் சொன்னதில்லை, அவர் நிற்கையில் நான் உட்கார்ந்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் காலில் போடுகிற குறட்டை எடுத்து அடித்தேன். ஏன் அடித்தேன் என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன், பொறுமையாகப் படி.

எல்லாம் நீங்கள் அனுப்பிய மேஜை விசிறியில் ஆரம்பித்தது. மாப்பிள்ளை மேல் குறை சொல்வதாக நினைக்காதே, நல்ல விசிறிதான், ஒரு கோடை முழுக்க ராஜா மாதிரி காற்று கொடுத்தது. அப்புறம் ஒரு நாள் கருகின நாற்றம் அடித்து நின்றுபோயிற்று. சேலத்துக்குக் கொடுத்தனுப்பினோம், யுத்தம் முடிந்தும் சாமான் வரவில்லை என்று அப்படியே திருப்பிவிட்டார்கள். உன் அப்பாவுக்குப் பொறுக்குமா? ஆசாரத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு விசிறியைக் குடல் வேறு தலை வேறாகப் பிரித்துவிட்டார். உள்ளே கருகிக் கிடந்த கம்பியை அவிழ்த்துவிட்டு, எங்கேயோ பழைய சாமானில் வாங்கிவந்த நூல் சுற்றின செப்புக் கம்பியைத் தறிக்காரர்கள் தார் சுற்றுகிற மாதிரி ஒவ்வொரு சுற்றாகச் சுற்றினார். சாப்பாடு ஆறிப்போகும், கூப்பிட்டால் இதோ இதோ என்பார். கடைசியில் அந்த விசிறி ஓடிவிட்டது வசந்தா. நானே அசந்து போனேன். அதிலிருந்து அவர் தரையில் நடக்கவில்லை. தெருவில் யார் வீட்டில் எது நின்றாலும் நம் ஆசாரத்துக்கு வந்துவிடும். அப்புசாமியின் இஸ்திரிப் பெட்டி வந்தது, அதன் வயரில் மூன்று கம்பி இருந்ததாம். ரெண்டு கம்பியிலயே பொட்டி காயுது, மூணாவது என்னத்துக்குத் தெண்டத்துக்கு என்று வெட்டி எடுத்து நம் தூக்குப்போசிக்குப் பிடி கட்டிவிட்டார். அப்புசாமியும் சரி என்று பெட்டியை வாங்கிப் போனான். நானும் சிரித்துக்கொண்டு அந்தப் போசியில்தான் காட்டுக்கு மோர் ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மோர் என்றதும் நினைவு வருகிறது, என் வலது தோள்வலி உனக்குத் தெரியும். இரண்டு எருமைப் பால், விடிந்தால் தயிர் கடைய வேண்டும், கயிறு இழுத்து இழுத்துக் கையைத் தூக்க முடியாமல் போயிற்று. உன் அப்பா ஒரு நாள் நான் தைலம் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் நேராகப் போய், விசிறியின் இறக்கைகளைக் கழற்றிவிட்டார். கொல்லுப்பட்டறையில் நாலு கால் வைத்து இரும்புச் சட்டம் அடித்துவந்து அதன் மேல் அந்த மோட்டாரை உட்கார வைத்து, வேகத்தைக் குறைக்க என் பழைய ராட்டைச் சக்கரத்தை வாரால் மாட்டி, அதன் அடியில் மத்தைக் கட்டினார். முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் தயிர் மொத்தமும் மோட்டுவளையில் போய் ஒட்டியது. பூனைக்கு அன்றைக்குத் தீபாவளி. ஆனால் மனுஷர் விடவில்லை, வாரை மாற்றினார், சக்கரத்தை மாற்றினார், ஒரு வாரத்தில் நான் கத்தரிக்காய் அரிந்து முடிப்பதற்குள் வெண்ணெய் திரண்டு நின்றது. எனக்காகச் செய்தார் என்பதில் எனக்குப் பெருமைதான். தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குஞ்சம்மாள் தன் வீட்டுத் தயிரையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஒரே ஒரு சங்கடம். ஓடும்போது சட்டம் ஆடும், அதனால் ஒருத்தர் அதன் இரும்புக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை நான் பிடித்தேன், முழங்கை வரைக்கும் சுருக்கென்று ஏறியது, தேள் கொட்டின மாதிரி கையை உதறினேன். ஏனுங்க, இது கடிக்குதுங்க என்று கூப்பிட்டேன். டக் டக் என்று குறடு சத்தம் கேட்க வந்தார். குதிகால் வெடிப்புக்கு வைத்தியர் சொன்னதிலிருந்து வீட்டுக்குள்ளேயும் குறடுதான், நீ இருந்தபோதே அப்படித்தானே. வந்து அதே இரும்புக் காலை இறுக்கிப் பிடித்தார். எங்க கடிக்குது, எனக்கு ஒண்ணும் பண்ணுலியே புள்ள என்றார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த செவ்வாய் ஆராயிக்குக் கடித்தது. அதற்கப்புறம் குஞ்சம்மாளுக்கு. ஒவ்வொரு தடவையும் அவர் குறடு தட்டிக்கொண்டு வருவார், பிடிப்பார், சிரிப்பார், போவார். பொம்பளைகளுக்கு ஒடம்புல வாயு எச்சு, அதுதான் என்று சொல்லி எங்கள் மூன்று பேருக்கும் இஞ்சிச் சாறு குடிக்கச் சொன்னார். நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தேன். குடித்தேன் என்பதை நினைத்தால்தான் இப்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆராயிதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஆத்தா, மத்த நாளெல்லாம் சும்மா கெடக்குதுங்க, வெள்ளி செவ்வாயிலதானுங்க புடிக்குது, இது சாமி குத்தமுங்க என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது அப்படியே சரி. புதனில் கடிக்காது, ஞாயிற்றுக்கிழமை கடிக்காது, வெள்ளியும் செவ்வாயும் தவறாமல் கடிக்கும். கன்னிமாருக்கு ஆகவில்லை என்று முடிவு கட்டினோம். மோட்டாருக்குக் குங்குமம் வைத்தோம், சுற்றிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். அன்றைக்கு முன்னைவிட அதிகமாகக் கடித்தது. சரி, அம்மன் கோபம் தணியவில்லை என்று வெள்ளி செவ்வாய் மட்டும் பழைய கயிற்று மத்திலேயே கடைந்துகொண்டோம். பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தோம். என்ன மடத்தனம் பார். வெள்ளி செவ்வாயில்தானே வீடு முழுக்கச் சாணி போட்டு மெழுகுகிறோம், அந்த ஈரத்தில்தானே வெறுங்காலோடு நிற்கிறோம், அது எங்கள் ஒருத்திக்கும் தோன்றவில்லை. உன் அப்பாவுக்கும் தோன்றவில்லை.

இந்தச் சமயத்தில்தான் நீ உண்டாகியிருக்கும் சேதி வந்தது. உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேரப்பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்து, கடைசியில் அந்த மோட்டாருக்கே தொட்டில் கட்டினார். ஆசாரத்து விட்டத்தில் இரும்புச் சங்கிலி மாட்டி, மோர் கடையும் சட்டத்திலிருந்து நீளமாக ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டுபோய்ச் சங்கிலியில் சேர்த்து, காலையில் மோரும் மற்ற நேரத்தில் தொட்டிலும் ஆடும்படி பண்ணினார். அம்முணி வந்து புள்ள பெத்தா ஒருத்தரும் கை வலிக்க ஆட்ட வேண்டியதில்ல என்று தெரு முழுக்கச் சொன்னார். வெறும் தொட்டிலில் ஒரு தலைகாணியைப் போட்டு ஆட்டிக் காட்டினார். நானும் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன் வசந்தா.

ஆடி நோன்பி புதன்கிழமை வந்தது. நோன்பி என்பதால் கிழமை பார்க்காமல் வீடு முழுக்க மெழுகினோம். மெழுகின ஈரம் காயவில்லை. புதன்கிழமைதானே, கடிக்காது என்று ஆராயி சட்டத்தின் காலைப் பிடித்தாள், நான் சமையலறையில் இருந்தேன். ஒரு மாதிரி சத்தம் கேட்டது, மனுஷர் குரல் மாதிரியே இல்லை. ஓடி வந்து பார்த்தால் அவள் உடம்பு வெடவெடவென்று ஆடுகிறது, கை மட்டும் இரும்பை விடவில்லை. நான் கிட்டே போவதற்குள் உதறித் தள்ளியது, அம்மிக்கல்லில் நெற்றி மோதி விழுந்தாள். புருவம் கிழிந்து ரத்தம் மோர்க் குண்டாவில் சொட்டியது. டக் டக் டக் என்று குறடு சத்தம். உன் அப்பா ஓடி வந்தார். அவளைப் பார்த்தார், பதறினார், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த காரியமாகக் கையை நீட்டி அதே இரும்புக் காலைப் பிடித்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நோன்பின்னு வெறும் வயித்துல நின்னா மயக்கம் வராம என்ன பண்ணும் என்றார். ஆராயி கண்ணைத் திறந்து, ரத்தம் வழிய, அப்ப நான் பொய் சொல்றனாங்க என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை, போய்ப் பஞ்சு எடுத்து வந்தார். அவள் விழுந்ததைவிட, அவள் கேட்ட அந்தக் கேள்வியும் அவருடைய அந்த மௌனமும்தான் எனக்கு நெஞ்சில் இடி இறங்கின மாதிரி இருந்தது. மூன்று பெண்கள் எத்தனையோ நாளாகச் சொல்லியும் அவருக்கு அவர் கை ஒன்றுதான் சாட்சி.

அதற்கப்புறம் நான் மோட்டாரைத் தொடவில்லை. எடுத்துப் போடுங்கள் என்றேன், முடியாது என்றார். உன் பிரசவத்துக்கு இந்த வீட்டுக்கு நீ வர வேண்டுமே, இந்தத் தொட்டிலில் பிள்ளையைப் போட வேண்டுமே என்றும் சொல்லிப் பார்த்தேன். சாமி குற்றம் என்றே நம்பிக்கொண்டிருந்ததால் பண்டாரத்தைக் கூட்டிப் பூஜையாவது போடுங்கள் என்று அழுதேன். அதற்கு மட்டும் சம்மதித்தார். பூசை பண்ணித்தான் உன்ற பயம் போகும்னாப் பண்ணிக்க, ஆனா மோட்டாரு ஓடிட்டேதான் இருக்கும், பண்டாரமே பாக்கட்டும் என்றார். ஆடி இரண்டாம் வெள்ளி, பச்சைச் சாணி மெழுகி, அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சொதசொதவென்று கிடக்கிறது ஆசாரம். அப்புசாமி வந்தான், குஞ்சம்மாள் வந்தாள், புருவத்தில் துணிக்கட்டோடு ஆராயியும் வந்து பின்னால் நின்றாள். உன் அப்பா சுவிட்சைப் போட்டார். கற்பூரம் ஏற்றப் போன பண்டாரம் திரும்பிப் பார்த்து, ஏனுங்க, சாமி காரியமுங்க, கொறட்டக் கழட்டிப்போட்டு வாங்க என்றார். உன் அப்பா சிரித்துக்கொண்டே குறட்டைக் கழற்றி நிலைப்படி ஓரம் வைத்தார். எனக்கு ஏனோ அவருடைய வெறுங்காலைப் பார்த்ததும் புதிதாக இருந்தது. விபூதித் தட்டை நீட்டினார்கள். இவர் ஒரு கை அள்ளி, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளங்கை முழுக்கப் பதியும்படி இரும்புச் சட்டத்தில் பூசினார்.

பூசின கை அங்கேயே நின்றுவிட்டது. முதலில் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். பல் கிட்டிவிட்டது, கண் மேலே போய்விட்டது, விரல்கள் இரும்பைச் சுற்றி இறுகிக்கொண்டன. பண்டாரம் தட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். அப்புசாமி தொடாதீங்க தொடாதீங்க என்று கத்துகிறான், ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. சுவிட்சு அந்தப் பக்கம், அவரைத் தாண்டிப் போக வேண்டும், எது மேலே எது கீழே என்றுகூட அந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை. என் கையில் எப்படி அந்தக் குறடு வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்து எடுக்கவில்லை, மரம் நல்லது இரும்பு கெட்டது என்றெல்லாம் எனக்கு என்ன தெரியும்? காலடியில் கிடந்தது, எடுத்தேன், அந்தக் கையைப் பார்த்து என் பலம் முழுக்கச் சேர்த்து அடித்தேன். கை விட்டது. அடியற்ற மரம் மாதிரி மல்லாந்து விழுந்தார். அதற்கப்புறம்தான் அப்புசாமிக்கு உயிர் வந்து ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தான்.

மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நான் அவர் மார்பில் காதை வைத்துக்கொண்டு கிடந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை, என் நெஞ்சு அடிப்பதுதான் எனக்குக் கேட்டது. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? ஆமா புள்ள, கடிக்குது என்றார். அந்தச் சாணி ஈரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. குஞ்சம்மாள் பயந்துபோய் என் தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

அப்போது அண்ணாந்து பார்த்தேன் வசந்தா. மேலே தொட்டில் சங்கிலி தொங்குகிறது. இவரைப் பிடித்துக்கொண்டு விடாத அதே இரும்புச் சட்டத்திலிருந்து புறப்பட்ட கம்பி நேராக அந்தச் சங்கிலிக்குப் போகிறது. கைக்குழந்தை ஈரம் பண்ணாமல் இருக்குமா? ஈரமான பிள்ளையைத் தூக்க நீ வெறுங்காலோடு வந்து சங்கிலியைப் பிடிக்காமல் இருப்பாயா? எனக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரைக்கும் சில்லிட்டுப் போயிற்று. அந்தச் சில்லிப்பு இன்னும் போகவில்லை, வெயிலில் நின்றாலும் போகவில்லை. அன்றைக்கே ஆராயியும் நானும் அரிவாளால் வாரை அறுத்து, கம்பியைப் பிடுங்கி எருக்குழியில் போட்டோம்.

உன் அப்பாவுக்குக் கை வெந்து கொப்பளித்திருந்தது, டாக்டர் வந்து கட்டுப் போட்டார். சில நாள் கட்டிலில் படுத்து நிலைப்படியோரம் கிடந்த குறட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நான் செத்த பிணம் மாதிரி நடமாடினேன். அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவர் உயிருக்குப் போராடியது ஒருத்தர் காதிலும் விழவில்லை, நான் குறட்டால் அடித்தது மட்டும் எருமப்பட்டி வரைக்கும் போய்விட்டது. உன் பெரியப்பா கந்தப்பன் வண்டி கட்டிக்கொண்டு பங்காளிகளோடு வந்து இறங்கினார். ஊட்டுக்காரன மிதியடியால அடிச்ச பொம்பளைய நம்ம வகையறாவுல நாம் பாத்ததில்ல, நாலு பேரு முன்னால தேங்கா பழம் வெச்சுக் கால்ல உழுந்து எந்திரிக்கோணும் என்றார். நான் விழத் தயாராகத்தான் இருந்தேன், தட்டுக்கூட எடுத்து வைத்துவிட்டேன். உன் அப்பா கட்டிலைவிட்டு எழுந்து உட்கார்ந்தார். அண்ணா, அவ அடிச்சதுனாலதானுங்க நீங்க பாக்கறதுக்கு நான் இருக்கறன், இல்லீன்னா இன்னைக்குக் கருமாதிக்கு வந்திருப்பீங்க, உக்காந்து மோர் குடிங்க என்றார். பெரியப்பா உட்கார்ந்தார். நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன், கயிற்றில் கடைந்த மோர்தான்.

அவர்கள் போன பின் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லித்தான் விஷயத்தை விளக்கினார். நூல் சுற்றின கம்பி எங்கேயோ தேய்ந்து இரும்பில் பட்டிருக்கிறதாம், கரண்டு ஆள் வழியாகப் பூமிக்கு இறங்கப் பார்க்குமாம், காய்ந்த மரக்குறட்டில் நிற்கிறவனைப் பிடிக்காதாம், ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிறவளைப் பிடிக்குமாம். வெள்ளி செவ்வாய் இல்ல புள்ள, சாணித் தண்ணி என்றார். மறுநாள் காலையில் ஆராயி வந்தபோது அவளை நிறுத்தி, நீ பொய் சொல்லுல சாமி, எனக்குத்தான் தெரியுல என்றார். அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது நீ வரலாமா வேண்டாமா என்பதுதான் உன் கேள்வியாக இருக்கும். என் கேள்வியும் அதுதான். இவர் கை ஆறினதும் மறுபடி எதையாவது பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாரோ, நாங்கள் சொன்னால் மறுபடி சிரிப்பாரோ என்று பயந்துகொண்டிருந்தேன், அதனால்தான் இத்தனை நாள் உனக்கு எழுதவும் இல்லை. முந்தாநாள் புதன்கிழமை காலையில் ஆராயி பின்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்தவள், அந்த விளக்குச் சுவிட்சு தொட்டாச் சுருக்குங்குதுங்க என்று போகிற போக்கில் சொன்னாள். உன் அப்பா எழுந்தார். போய்த் தொட்டுப் பார்க்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தொடவில்லை வசந்தா. அந்தப் பக்கமே போகவில்லை. நேராக வாசல் பெட்டிக்குப் போய் வீட்டுக் கரண்டு மொத்தத்தையும் அணைத்தார். அப்புசாமியைக் கரண்டு ஆபீசுக்கு அனுப்பினார். இரண்டு நாளாக வீட்டில் சிம்னி விளக்குதான். இன்றைக்கு ஆள் வந்து பார்த்துவிட்டு, பின்கட்டுச் சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது என்று வயரை மாற்றினான், மூன்றாவது கம்பி பூமிக்குப் போகிற கம்பி, அதை வெட்டக்கூடாது என்றும் சொன்னான். உன் அப்பா உடனே தூக்குப்போசியின் பிடியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு அப்புசாமி வீட்டுக்குப் போனார், இஸ்திரிப் பெட்டியை அவன் சம்சாரம் தொடக்கூடாது என்று சொல்லிக் கையோடு அதைத் தூக்கிவந்து பரணில் போட்டுவிட்டார். ஆகவே நீ வரலாம். தைரியமாக வா.

ஆவணி பிறந்ததும் முதல் நல்ல நாளில் மாப்பிள்ளையோடு புறப்பட்டுச் சேலத்தில் இறங்கு, உன் அப்பா வந்து அழைத்துக்கொள்வார். கட்டுச்சோற்றுக்கு அரிசி புடைத்து வைத்துவிட்டேன். தொட்டிலுக்கு என் பழைய நூல் சேலையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், கயிறு கட்டித்தான் தொங்கவிடப் போகிறோம், ஆட்டுவதற்கு எனக்கு இடது கை இருக்கிறது. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காராதே, புகைக்கரி கண்ணில் விழும். பப்பாளி தொடாதே. மாரியம்மன் அருளால் நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நல்லபடியாக வந்து சேர்ந்து, மஞ்சள் குங்குமத்தோடு நூறு வயசு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அங்கே உன் வீட்டில் எதைத் தொட்டாலும் சுருக்கென்றால், மாப்பிள்ளை பூட்ஸ் காலோடு வந்து தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்பார். நம்பாதே. இஞ்சிச் சாறும் குடிக்காதே.

இப்படிக்கு உன் நலமே நினைக்கும்
அம்மா சௌந்திரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அப்பா கடிதத்தை வாங்கிக் கட்டுக் கையிலேயே பிடித்து முழுக்கப் படித்தார். எல்லாம் செரி புள்ள, ஒரே அடின்னு எழுதியிருக்கறயே, ரெண்டு அடிச்சயல்லொ, மொத அடியிலயே கை உட்டுப்போச்சு, நான் கீழ உழுந்த பொறவு தோள்ல ஒண்ணு உழுந்துச்சே, அது என்னத்துக்கு என்று கேட்டார். அவருக்கு நினைவிருக்காது என்று நினைத்திருந்தேன். அது ஆராயிக்குங்க என்றேன். தோளைத் தடவிக்கொண்டார். செரி, அதையும் எழுதீரு என்றார். எழுதிவிட்டேன்.